பக்கத்தில் நின்றால் போதும்

எந்தப் புத்தகமாக இருந்தாலும் எங்கள் மேடம் அதைக் கவிழ்த்துத்தான் கொடுப்பார். முன்னட்டை கீழே போய்விடும், முதுகு அவர் உள்ளங்கைக்குள் மறைந்துவிடும். கணக்குப் புத்தகம், சமையல் புத்தகம், பைபிள், எதுவானாலும் ஒரே முறைதான். கவுன்டரில் பின்னால் நிற்கிற ஆள் கொக்கு மாதிரி கழுத்தை நீட்டினாலும் பின்னட்டையில் இருக்கிற விலை மட்டும்தான் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. மெடிக்கல் ஷாப்பில் சில சாமான்களை மட்டும் பேப்பரில் சுற்றிக் கொடுப்பார்களே, அந்த மாதிரி இருக்கிறதே என்று சொல்லிச் சிரித்தேன். மேடம் சிரிக்கவில்லை.

"ஒருத்தர் என்ன படிக்கிறார்ங்கறது அவர் வயித்துப் பசி மாதிரிம்மா. நாம சோறு போடலாம். எட்டிப் பாக்கக் கூடாது."

சிலர் ஸ்டாம்பு சேர்ப்பார்கள். நான் மனிதர்கள் சொல்வதைச் சேர்ப்பேன். என் சேகரிப்பில் பாதி மேடத்துடையது.

கேளம்பாக்கத்துக்கும் திருப்போரூருக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியின் நூலகம் அது. அவர் லைப்ரரியன், நான் அட்டெண்டர். எனக்கு ஒன்பதாவது வரைதான் பள்ளிக்கூடம். மிச்சத்தை அந்த ரேக்குகளுக்கு நடுவே நின்றபடி படித்துக்கொண்டேன். அவருக்குச் சொந்த ஊர் திருச்சிப் பக்கம். கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை, வீடும் அங்கேயே. இதில் வரப்போகிற மற்றவர்களையும் ஒரு நம்பரையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். அதுவும் அவரிடம் கற்றதுதான்.

பயந்த மனுஷி. அதை மறைத்து எழுதினால் அது அவரைப் பற்றி எழுதியதாகாது. பியூன் கையில் ஒரு காகிதத்தோடு வருவதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாலே முதலில் தண்ணீர் குடிப்பார். காகிதம் பெரும்பாலும் கொடியேற்றத்துக்கு வரச் சொல்லும் சுற்றறிக்கையாக இருக்கும். நூலகத்தைப் பூட்டி, பஸ் நிறுத்தம் வரை நடந்துபோய், மேசை டிராயரைப் பூட்டினேனா என்று திரும்பி வருவார். டிராயர் பூட்டித்தான் இருக்கும். அதில் தங்கமா இருக்கிறது? திரும்பி வந்த புத்தகங்களைத் தலைகீழாக உதறும்போது விழுகிறவைதான் இருக்கும். பஸ் டிக்கெட், ஹேர்பின், ஒரு முறை ஒரு ஸ்கேன் ரிப்போர்ட். எல்லாவற்றையும் கவரில் போட்டு ஒட்டி, அந்த ஆள் அடுத்த முறை வரும்போது ஒரு வார்த்தையும் பேசாமல் கவிழ்த்து நீட்டுவார். வாங்குகிறவர் முகம் மாறும். இவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"நான் கேக்கல, நீ சொல்லல. ரெண்டு பேரும் நிம்மதியா சாப்பிடலாம்" என்பது அவர் அடிக்கடி சொல்கிற இன்னொன்று.

ஒரு தடவை ஹாஸ்டல் வார்டன் வந்தார். ஒரு பையன் பேரைச் சொல்லி, அவன் என்னென்ன புத்தகம் எடுத்திருக்கிறான் என்று லிஸ்ட் வேண்டும் என்றார். மேடம் சிஸ்டம் வேலை செய்யவில்லை என்றார். அப்போது அவர் கை மவுஸ் மேல்தான் இருந்தது. திரையில் படம் பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்தது. வார்டன் அதையும் பார்த்தார், அவரையும் பார்த்தார், போய்விட்டார். அதற்குப் பிறகு மேடம் ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்து முடித்தார். அந்தப் பையன் அப்படி என்னதான் படிக்கிறான் என்று கேட்டேன். யாருக்குத் தெரியும், புத்தகம் திரும்பி வந்த அன்றைக்கே அந்த வரியை அழித்துவிடுகிறேனே என்றார்.

கவுன்டருக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி வைத்திருந்தார். நூலகத்தில் இல்லாத புத்தகம் எதுவும் வேண்டுமென்றால் ஒரு சீட்டில் எழுதிப் போடலாம். பெயர் வேண்டாம். கீழே உறுப்பினர் எண்ணை மட்டும் எழுத ஒரு கட்டம். பெட்டியை அவர் மட்டும்தான் திறப்பார். திறந்ததும் கத்தரிக்கோலால் அந்தக் கட்டத்தைத் தனியாக வெட்டித் தன் டிராயரில் வைத்துக்கொள்வார். மிச்சச் சீட்டுதான் என் கைக்கு வரும். புத்தகம் வாங்கி வந்ததும் அந்த எண்ணுக்கு உரியவரிடம் அவரே போய்ச் சொல்வார்.

அப்படி வந்த ஒரு சீட்டில், பென்சிலால், நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது: புருஷனை விட்டுத் தனியாக இருந்தால் பிள்ளை யாரோடு இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிற புத்தகம் இருக்கிறதா. தமிழில்.

யார் எழுதியது என்று மேடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் எனக்குத் தெரியும்.

எங்கள் கல்லூரி அலுவலகச் சூப்பரண்டின் மனைவி கெமிஸ்ட்ரி லேபில் அசிஸ்டெண்ட். இரண்டு பேரும் ஒரே நாளில் நூலகத்துக்கு வந்து உறுப்பினரானவர்கள். உறுப்பினர் எண் அவருக்குப் பதினாறு, அந்தம்மாவுக்குப் பதினேழு. ஆசிரியர் அல்லாதவர்கள் என்பதால் எண்ணுக்கு முன்னால் 'நா.த.' என்று போடுவோம், நான்-டீச்சிங் என்பதற்கு யாரோ எப்போதோ வைத்த சுருக்கம். சூப்பரண்டு இனிக்க இனிக்கப் பேசுகிற ஆள். வாட்ச்மேனைக்கூடச் சாப்பிட்டாயா என்று கேட்காமல் தாண்ட மாட்டார். நாலு மணிக்கு லேப் வாசலில் வந்து நின்றுவிடுவார், மனைவியின் பையைத் தானே வாங்கிக்கொள்வார். பார்க்கிற டீச்சர்கள் கொடுத்து வைத்தவள் என்பார்கள். ஒரு நாள் என்னிடம் வந்து, எங்கள் இரண்டு பேர் கார்டையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள் என்றார். எதற்கு சார் என்றதற்கு, "ரெண்டும் ஒண்ணாவே கெடக்கட்டுமே" என்று சிரித்தார்.

அந்தம்மா சித்திரை வெயிலில் முழுக்கை ரவிக்கை போட்டு வருவார். ஒரு தடவை கை கழுவும் இடத்தில் கையைச் சுருட்டினபோது பார்த்துவிட்டேன். ஆசிட் பட்டுடுச்சுக்கா என்றார். ஆசிட் விரல் விரலாகப் படாது.

மேடம் அந்தப் புத்தகத்தை வாங்கினார். இன்ஜினியரிங் கல்லூரிக்கு எதற்குச் சட்டப் புத்தகம் என்று யாரும் கேட்கக்கூடாது என்று அதோடு சேர்த்து நுகர்வோர் சட்டம், சாலை விதி என்று ஏழெட்டு வாங்கி ஒரு ரேக்கையே அமைத்துவிட்டார். அந்தம்மாவிடம் போய், புது ரேக் வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார். அந்தப் புத்தகம் ஒரு தடவைகூடக் கவுன்டருக்கு வரவில்லை. ஆனால் மாதத்துக்கு இரண்டு தடவையாவது அது தன் இடத்தில் இல்லாமல் நாலு புத்தகம் தள்ளி நிற்கும். அடுக்குகிறவளுக்குத்தான் அது தெரியும்.

இந்த நேரத்தில்தான் மகாபலிபுரத்தில் நூலகர் மாநாடு வந்தது.

கல்லூரிக்கு மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது, எல்லாத் துறையும் ஏதாவது மாநாட்டில் கலந்துகொண்ட சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், நூலகமும் விலக்கல்ல என்றார் பிரின்சிபால். மேடம் ஒப்பந்த ஊழியர். ஜூன் மாதம் கையெழுத்துப் புதுப்பிக்கிற மாதம். அதையும் பிரின்சிபால் கூடவே சொன்னார். எதைப் பற்றிப் பேசுவது என்று மேடம் தயங்கினதற்கு, "அந்தப் பெட்டி மேட்டர் நல்லாருக்கே, அதையே போடுங்க" என்று முடித்துவிட்டார்.

மாநாட்டுக்காரர்கள் அனுப்பின படிவத்தில் ஐந்து கட்டங்கள். கட்டுரை வாசிப்பு, குழு விவாதம், பயிற்சிப் பட்டறை, ஐந்து நிமிடப் பேச்சு, போஸ்டர். ஒன்றில் டிக் போட வேண்டும். மேடம் அதைப் பிரின்ட் எடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். ஒன்பது நாள் அது அங்கேயே இருந்தது. தினமும் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த ஐந்து கட்டத்தையும் பார்ப்போம். ஏதோ அதில் ஒன்றைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்கிற மாதிரி.

கட்டுரை என்றால் இருபது நிமிஷம் படிக்க வேண்டும், பிறகு புத்தகமாகப் போடுவார்கள், அது காலத்துக்கும் நிற்கும். வேண்டாம். விவாதம் என்றால் பக்கத்தில் இருக்கிறவர் திடீரென்று கேள்வி கேட்பார், பதற்றத்தில் என்ன வாய்க்கு வருமோ. பட்டறை என்றால் சீட்டுகளை எல்லோர் கையிலும் கொடுக்க வேண்டும். மேடம் அதைக் கேட்டதுமே சோற்றைத் தள்ளி வைத்துவிட்டார்.

நான் ஐந்து நிமிடப் பேச்சுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். "அஞ்சு நிமிசம் இன்னா மேடம், கேளம்பாக்கம் சிக்னல்ல நிக்கற நேரம். வாயத் தொறந்து மூடறதுக்குள்ள முடிஞ்சிடும்."

அவர் மேசைக் கண்ணாடியை விரலால் துடைத்தார். பிறகு, "அஞ்சு நிமிஷம் ரொம்ப ஜாஸ்திம்மா. நான் ஒரே நிமிஷத்துல ஒரு பொண்ணத் தொலைச்சவ" என்றார்.

அன்றைக்குத்தான் அதைச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் அவர் ஊர்ப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் வேலை பார்த்திருக்கிறார். தினமும் வந்து படிக்கிற ஒரு பெண். ஒரு சாயங்காலம் அவளுடைய அப்பா வந்து, எம் பொண்ணு நல்லாப் படிக்கிறாளாம்மா, இப்போ என்ன புத்தகம் எடுத்துட்டுப் போயிருக்கா என்று கேட்டிருக்கிறார். மரியாதையான மனுஷன், கை கூப்பிக் கேட்டாராம். இவருக்கும் பெருமை. திருமணப் பதிவுச் சட்டம் பற்றிய புத்தகம் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். மறுநாள் அப்பாவே வந்து புத்தகத்தைக் கவுன்டரில் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பெண் அதற்குப் பிறகு வரவில்லை. வெளியூரில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்றார்கள் சிலர். வேறு மாதிரியும் சொன்னார்கள். எது நிஜம் என்று இவருக்கு இன்றுவரை தெரியாது.

"எனக்கு என் வாயக் கண்டாதான் பயம்" என்றார்.

நான் டிபன் பாக்ஸை மூடினேன். பிறகு யார் அந்தப் பேச்சை எடுப்பது? கடைசியில் அவரே பேனாவை எடுத்துப் போஸ்டர் என்ற கட்டத்தில் டிக் போட்டார். போஸ்டர் என்றால் பேச வேண்டாம், ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்றால் போதும் என்று விதிமுறையில் போட்டிருந்தது. அந்த வரிக்கு அடியில் பென்சிலால் இரண்டு கோடு இழுத்தார்.

போஸ்டரில் உதாரணத்துக்குப் பன்னிரண்டு சீட்டுகளைக் காட்டுவது என்று முடிவானது. அந்தப் பென்சில் சீட்டைச் சேர்ப்பதா வேண்டாமா என்று மேடம் மூன்று நாள் யோசித்தார். எந்தச் சீட்டுக்காக அந்தப் பெட்டியை இத்தனை வருஷம் வைத்திருந்தோமோ அந்தச் சீட்டு அது. அதை விட்டுவிட்டுத் தெர்மோடைனமிக்ஸ் கைடு கேட்ட சீட்டை மட்டும் காட்டுவதில் என்ன இருக்கிறது? கையெழுத்து தெரியாவிட்டால் வார்த்தை யாருக்கும் சொந்தமில்லை என்று ஒரு முடிவுக்கு வந்தார். பன்னிரண்டு சீட்டையும் நான் என் கையால் புதிதாக எழுத வேண்டும், அதைத்தான் படம் எடுத்துப் போட வேண்டும்.

நூலகத்தில் புத்தக விவர அட்டை எழுதப் பழகினவர்களுக்கு முதல் பாடம் ஒன்று உண்டு. மூலத்தில் இருக்கிறதை ஒரு புள்ளி விடாமல் எழுத வேண்டும். தப்பு இருந்தாலும் திருத்தக் கூடாது. மேடம்தான் எனக்கு அதை ஸ்கேலால் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்தார். நான் எழுதினேன். ஒரு புள்ளி விடவில்லை. அந்தப் பென்சில் சீட்டின் மேல் மூலையில் நகக்கண் அளவில் ஒன்று எழுதியிருந்தது. கீழே கட்டம் இருப்பதைக் கவனிக்காமல் அந்தம்மா முதலில் அங்கே எண்ணைப் போட்டிருக்கிறார். பிறகு கட்டத்தைப் பார்த்து அதிலும் எழுதியிருக்கிறார். மேடம் கட்டத்தை மட்டும் வெட்டியிருக்கிறார். நான் மூலையில் இருந்ததையும் பார்த்து, அதே மூலையில், மையில், அழகாக எழுதி வைத்தேன். அது என்னவென்று யோசிக்கவே இல்லை. கை எழுதிக்கொண்டே போய்விட்டது. மேடம் சரிபார்த்தபோது வார்த்தைகளைத்தான் பார்த்தார், மூலைகளை அல்ல.

மாநாட்டன்று காலை கல்லூரி வேனில் போனோம். பிரின்சிபால் முன்னால் இருந்தார். வேன் பொறுப்பு சூப்பரண்டுடையது, அதனால் அவரும் வந்தார். கோவளம் தாண்டும்வரை எல்லோரிடமும் நாஸ்தா ஆச்சா என்று கேட்டுக்கொண்டே வந்தார். கடலைப் பார்த்த ஒரு பெரிய விடுதியில் ஹால் எடுத்திருந்தார்கள். ஏசி குளிரில் அலைச் சத்தம் கண்ணாடிக்கு வெளியே ஊமையாகக் கிடந்தது. நான் போஸ்டரைப் பலகையில் ஒட்டி, கோணலாக இருக்கிறதா என்று நாலடி பின்னால் வந்து பார்த்தேன்.

கோணல் இல்லை. ஏழாவது சீட்டின் மூலையில் நா.த. 17 என்று இருந்தது. கேளம்பாக்கம் பிரின்டிங் கடையில் பெரிதாக்கினதில் அது என் சுண்டுவிரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தது.

உடனே மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணால் ஹாலில் சூப்பரண்டு எங்கே இருக்கிறார் என்று தேடினார். டீ எடுக்கிற வரிசையில் இருந்தார். பையிலிருந்து வெள்ளை லேபிள் எடுத்து அந்த மூலையில் ஒட்டினார். புத்தக முதுகில் ஒட்டுகிற லேபிள்தான். இரண்டு தடவை நகத்தால் தேய்த்தார். மூச்சு விட்டார்.

அப்போது வாசலில் எல்லோருக்கும் ஒரு துணிப்பை கொடுத்தார்கள். உள்ளே பேனா, பேடு, ஒரு புத்தகம். எல்லாப் போஸ்டரையும் பக்கத்துக்கு ஒன்றாகச் சிறிதாக்கி அச்சடித்திருந்தார்கள். எங்களுடையது நடுப் பக்கத்தில். மேடம் கண்ணாடியைக் கழற்றி, பூதக்கண்ணாடி மாதிரி அதன் மேல் பிடித்துப் பார்த்தார். சின்னதாக, ஆனால் சுத்தமாகத் தெரிந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். இருநூறு பேர் கையில் இருந்தது. சூப்பரண்டு தோளிலும் ஒரு பை தொங்கியது.

போஸ்டர் நேரம் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு. மேடம் பலகைக்குப் பக்கத்தில் நிற்கவில்லை, ஏழாவது சீட்டுக்கு நேர் முன்னால் நின்றார். யாரோ வந்து கொஞ்சம் தள்ளுங்க மேடம் என்றார்கள். தள்ளவில்லை. கேள்வி கேட்டவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டினார். நான் ஒவ்வொரு நிமிஷமும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

பதினொன்று நாற்பதுக்கு அவர்கள் வந்தார்கள். பிரின்சிபாலும் சூப்பரண்டும். போட்டோ எடுக்க வேண்டும் என்று பிரின்சிபால் சொல்ல, மேடம் ஓரமாக நகர வேண்டியதாயிற்று. சூப்பரண்டு கையில் அந்தப் புத்தகம் நடுப் பக்கத்தில் விரித்தபடி இருந்தது. அவர் சீட்டைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், லேபிளைப் பார்த்தார்.

"இன்னா மேடம், இங்க ஒட்டி மறைச்சிகிறீங்க. புக்குல தெரியுதே. பதினேழுன்னு கீது." குரலில் அதே சர்க்கரை. "நம்ம வூட்டு நம்பராச்சே அது."

புத்தகத்தை மேடத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"யாரு எழுதனது மேடம் இது?"

இத்தனை வருஷமாக யார் எது கேட்டாலும் அவர் வாய் மூடித்தான் இருந்திருக்கிறது. அந்த மௌனம்தான் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் அவர் பேசாமல் நிற்கிற ஒவ்வொரு நொடியும் அந்தம்மா பேரைச் சத்தமாகச் சொல்கிற மாதிரி இருந்தது. அது எனக்கே தெரிந்தது. அவருக்குத் தெரியாமலா இருக்கும்? நான் ஏதாவது உளறலாமா என்று வாயைத் திறந்தேன். மேடம் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நான் எழுதினது சார்" என்றார்.

பிரின்சிபால் போனைத் தாழ்த்தினார்.

"பெட்டியில பதினேழாவதா எடுத்த சீட்டு, அதான் பதினேழு. நா.த.ன்னா நான் தந்ததுன்னு எனக்கே ஒரு அடையாளம். என் சொந்த விஷயம். எல்லார் முன்னாடியும் வந்துடுச்சேன்னு ஒட்டி வச்சேன்."

கோர்வையாக, தடுமாறாமல், ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அவர் அவ்வளவு நீளமாக வெளியாட்களிடம் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. சூப்பரண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடினார். "அப்டியா" என்றார். "உங்க வூட்டுக்காரரு தங்கமான மனுசனாச்சே மேடம்." பிரின்சிபால் இருமிவிட்டு, அடுத்த பலகையைப் பார்க்கப் போய்விட்டார்.

சூப்பரண்டு நம்பினாரா? அதுதான் கேள்வி. திரும்புகிற வேனில் சூப்பரண்டு எல்லோருக்கும் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். மேடத்துக்கும் ஒரு பொட்டலம். மேடம் அதை மடியில் வைத்துக்கொண்டு கேளம்பாக்கம் வரை பிரிக்காமல் வந்தார். அவரிடம் பேச எனக்கு ஆயிரம் இருந்தது. அவரோ சூப்பரண்டின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று படிக்க முடிந்தால் நன்றாக இருக்குமே என்கிற மாதிரி.

அன்றைக்குச் சனிக்கிழமை. நடுவில் ஒரு ஞாயிறு. முட்டுக்காட்டில் எங்கள் வீட்டில் அன்று இறால் குழம்பு. நான் தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன். அந்தம்மா போன் நம்பர் என்னிடம் இருந்தது. மேடத்தைக் கூப்பிட்டு, ஒரு வார்த்தை பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணவே வேணாம். நாம போன் பண்ணினா அதுதான் அவருக்குப் பதில்" என்றார். பிறகு, தன் வீட்டுக்காரரிடம் தானே சொல்லிவிட்டதாகச் சொன்னார். வேறு வாயால் அவர் காதுக்குப் போவதற்குள் சொல்ல வேண்டும் அல்லவா? யாருடைய சீட்டு என்பதை மட்டும் சொல்லவில்லையாம். அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. தட்டுல கை கழுவிட்டு எழுந்து போய்ட்டார்."

திங்கள்கிழமை எட்டரைக்கே நாங்கள் இரண்டு பேரும் நூலக ஜன்னலில் நின்றோம். அங்கிருந்து பார்த்தால் கல்லூரிப் பஸ் நிற்கிற இடம் தெரியும். பஸ் வந்தது. டீச்சர்கள் இறங்கினார்கள். அக்கவுன்ட்ஸ் ஆள் இறங்கினார். சூப்பரண்டு இறங்கினார், டிரைவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அப்புறம் யாரும் இறங்கவில்லை. மேடம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். சூப்பரண்டு திரும்பிப் பஸ்ஸுக்குள் பார்த்து ஏதோ சொன்னார். அந்தம்மா இறங்கினார். முழுக்கை ரவிக்கை, கையில் சாப்பாட்டுப் பை. நேராக நடந்தார். நொண்டவில்லை.

"வந்துட்டாங்க மேடம்" என்றேன்.

"இன்னைக்கு வந்துட்டா" என்றார். "நாளைக்கும் பாக்கணும்."

மறுநாளும் பார்த்தோம். அந்த வருஷம் முழுக்கப் பார்த்தோம். ஸ்டாஃப் ரூமில் மேடத்தைப் பற்றிப் பேச்சு நடந்தது. அவர் குடும்பம் உடையப் போகிறது என்றார்கள். பிரின்சிபால் கூப்பிட்டு, வீட்டில் பிரச்சினை இருந்தால் லீவு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் எதையும் மறுக்கவில்லை. மறுத்தால் சீட்டு வேறு யாருடையதோ ஆகிவிடும் அல்லவா? ஜூனில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள், அதற்கடுத்த ஜூனில் புதுப்பிக்கவில்லை. கணவருக்கும் வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்துதான் போனார்கள். அது எனக்கு ஒரு ஆறுதல்.

போன பிறகும் வாரா வாரம் திங்கள்கிழமை ஒன்பது மணிக்குப் போன் வரும். நலம் விசாரிப்பு ஒன்றும் இருக்காது. "பஸ் வந்துச்சா?" என்பார். "வந்துச்சு மேடம். எல்லாரும் எறங்கிட்டாங்க" என்பேன். "சரி" என்று வைத்துவிடுவார். அந்தச் சட்டப் புத்தகம் நாலு தள்ளி நிற்பதும், நான் அதைத் திருப்பி வைப்பதுமாகக் காலம் ஓடியது.

போன மாதம் ஒரு திங்கள்கிழமை பஸ் வந்தது. டீச்சர்கள் இறங்கினார்கள். சூப்பரண்டு இறங்கினார். டிரைவரிடம் பேசவில்லை, சிரிக்கவில்லை. பஸ் கதவு மூடிக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டது.

எனக்கு என்னென்னவோ தோன்றியது, எழுத முடியாததெல்லாம். அரைகுறை ஓட்டமாக அந்த ரேக்குக்குப் போனேன். நுகர்வோர் சட்டம் இருந்தது, சாலை விதி இருந்தது. நடுவில் ஒரு புத்தகம் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. நாலு தள்ளிப் பார்த்தேன், கீழ்த் தட்டில் பார்த்தேன், எல்லா ரேக்கிலும் பார்த்தேன். இல்லை.

அப்போதுதான் போன் அடித்தது.

"பஸ் வந்துச்சா?"

"வந்துச்சு மேடம். ஒருத்தர் எறங்கல." எனக்கு மூச்சு வாங்கியது. "அந்தப் பொஸ்தகமும் ரேக்ல இல்ல."

போனோடு ஜன்னலுக்கு வந்தேன். சூப்பரண்டு அலுவலகப் பக்கம் போகாமல் மைதானத்தைக் குறுக்கே கடந்து எங்கள் கட்டடத்தை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"காணாமப் போன புத்தக நோட்டுல எழுதிட்டியா?" என்றார் மேடம்.

"இன்னும் இல்ல மேடம்."

"எழுதாத."